குமிழியைத் தட்டாதீர்கள்

ஊசி போடுவதற்கு முன் சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து, நகத்தால் டொக் டொக்கென்று தட்டி, மேலே ஏறுகிற காற்றுக் குமிழியை வெளியே தள்ளுவோமே, அந்தப் பழக்கத்தை உங்களில் யாராலாவது விட முடியுமா? என்னால் முடியவில்லை. ஓய்வு பெற்றுச் சிட்லபாக்கத்தில் வீட்டோடு கிடக்கிறேன். இன்றைக்கும் இருமல் மருந்து பாட்டிலைக் கையில் எடுத்தால் நகம் தானாகப் போய்த் தட்டுகிறது. வீட்டில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

கீமோ வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், "பழைய அனுபவம் ஏதாவது எழுதுங்க சிஸ்டர்" என்று கேட்டீர்கள். எனக்கு அறிவுரை எழுத வராது, அதட்டத்தான் வரும். அது என்னிடம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். நம் கையிலிருந்த ஒரு நல்ல பழக்கம், நல்லது என்பதாலேயே, ஒரு பெண்ணின் வாய்ப்பைக் கெடுக்கப் பார்த்த கதை. பயப்படாதீர்கள், முடிவு நல்ல முடிவுதான். இல்லாவிட்டால் இவ்வளவு சாவகாசமாக எழுதிக்கொண்டிருப்பேனா?

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், தாம்பரம் பக்கத்தில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் ஒரு புது முறையைச் சிலருக்கு ஆராய்ச்சியாகச் செய்து பார்த்தார்கள். விஷயம் இதுதான். கட்டிக்குள் இருக்கும் ரத்தக் குழாய்கள் கோணல் மாணலானவை. கையில் ஏற்றுகிற மருந்து உடம்பெல்லாம் சுற்றுகிறது, முடியைக் கொட்ட வைக்கிறது, வாந்தி எடுக்க வைக்கிறது. போய்ச் சேர வேண்டிய கட்டிக்குள் மட்டும் சரியாகப் போவதில்லை. எனவே மருந்து ஓடும்போதே ரத்தத்தில் மிக நுண்ணிய வாயுக் குமிழிகளையும் செலுத்துவார்கள். ரத்தச் சிவப்பணுவை விடச் சிறிய குமிழிகள். கட்டிக்கு மேலே ஸ்கேன் கருவியை வைத்து ஒலியை அனுப்பினால், அங்கே வந்து சேர்ந்த குமிழிகள் மட்டும் விரிந்து சுருங்கிக் குழாய்ச் சுவரை இடித்து இடித்து வழி உண்டாக்கும். அந்த வழியில் மருந்து உள்ளே இறங்கும். வேலை முடிந்ததும் வாயு மூச்சோடு வெளியே போய்விடும்.

கேட்க அழகாக இருக்கிறதல்லவா? நர்ஸ் காதுக்கு அழகாக இருக்காது. வாழ்நாள் முழுக்கக் காற்றை வெளியே தள்ளிவிட்டு, "இன்று குமிழியை உள்ளே போடு" என்றால் யாருக்குக் கை வரும்?

அதனால் ஒத்திகை நடந்தது. நோயாளி இல்லாமல், வெறும் உப்புநீர் பாட்டிலை மாட்டி, குழாயை ஒரு வாளிக்குள் விட்டுப் பழகினோம். அப்போது ஜான்சி என்று ஒரு சின்னப் பெண் என்னோடு இருந்தாள். குமிழி மருந்தைச் சிரிஞ்சில் அழகாக இழுத்தாள். சிரிஞ்சை நிமிர்த்தினாள். நகத்தால் தட்டினாள். மேலே பால் மாதிரி திரண்டு வந்ததை முழுக்க வெளியே தள்ளிவிட்டு, பெருமையோடு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே போனதுதான் மருந்து. உள்ளே மிச்சமிருந்தது தண்ணீர்.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். எங்கள் ஸ்கேன் டாக்டர் சிரிக்கவில்லை.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் போன் போட்டுத் திட்டுவார். வயதில் எனக்கு இளைய பெண்மணி, ஆனால் இந்த வேலையில் நிதானம் என்றால் என்ன என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது சிக்கல் வந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் கோட்டுப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார். கூட நிற்பவர்களும் அப்படியே செய்ய வேண்டும். "கை சும்மா இருந்தாதான் கண்ணு வேலை செய்யும்" என்பார். முதல் முறை பார்த்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. சிக்கல் வந்தால் ஓடியாடிச் செய்ய வேண்டிய நேரத்தில் பாக்கெட்டில் கை விட்டுக்கொண்டு நிற்பது என்ன பழக்கம் என்று முணுமுணுத்தேன்.

ஒத்திகை அன்று அவர் சொன்னது ஒன்றுதான். "இங்க நமக்குத் தெரிஞ்சதுதான் நமக்கு எதிரி. இன்னும் எது எது ஒளிஞ்சிருக்குன்னு தேடுங்க."

தேடினோம். மெல்லிய ஊசியில் இழுத்தால் குமிழி உடையும் என்று தடித்த ஊசிக்கு மாறினோம். குப்பியைக் குலுக்கும் கையை அடக்கி மெதுவாக உருட்டப் பழகினோம். வேகமாகத் தள்ளும் கட்டை விரலை அதட்டி வைத்தோம். கையிலிருந்த பழக்கத்தையெல்லாம் களைந்தாயிற்று என்று நினைத்துக்கொண்டோம்.

முதல் நோயாளியாகக் காஞ்சனா வந்தார். பம்மலில் வீடு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்சி, ஃபேன், கிரைண்டர் மோட்டார் விற்கிறவர். மார்பில் பெரிய கட்டி. சர்ஜன் பார்த்துவிட்டு, கட்டி சுருங்கினால்தான் கத்தி வைக்க முடியும் என்று சொல்லியிருந்தார். கீமோ போட்டுப் பார்த்தார்கள். கட்டி அசையவே இல்லை. அவருக்கு இருந்தது இந்த ஒரு வழிதான். அதிலும் ஒரு விதி: முதல் தடவையே குமிழி கட்டிக்குள் போவது திரையில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த ஆளுக்கு இந்த முறை ஒத்துவராது என்று விலக்கிவிடுவார்கள்.

சம்மதம் கேட்கும்போதே பெரிய பேஜாராகிவிட்டது. காஞ்சனாவின் கணவர் ஏழுமலை, குமிழி என்ற சொல்லைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இன்னா சிஸ்டர் சொல்றீங்க? ஊசில காத்து போனா ஆளே காலின்னு சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். சினிமால பாத்துகினுதானே கீறோம்! வெறும் ஊசிய குத்துவான், ஆளு அப்டியே சாஞ்சிடுவான். என் பொண்டாட்டிக்கு அதயா போடப்போறீங்க?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அந்தப் பயம் எனக்குள்ளும் இருந்ததுதானே? டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "அது பெரிய காத்துங்க. இது கண்ணுக்கே தெரியாத சைஸ். ரத்தத்தோட ரத்தமா ஓடிடும். கட்டிக்குள்ள மருந்து போக வழி இல்ல. இது முன்னாடி போய் வழி பண்ணும், பின்னாடி மருந்து போகும். ரிஸ்க்கே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஏதாவது ஆனா உடனே நிறுத்திடுவோம்."

ஏழுமலைக்கு முகம் தெளியவில்லை. காஞ்சனாதான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"யோவ், குந்துய்யா. சந்தைல நீ லோடு ஏத்திகினு மீன்பாடி வண்டிய மெதிச்சிகினு வர்றே. அந்தக் கும்பல்ல வண்டி உள்ள போவுமா? போவாது. நா முன்னாடி பூந்து 'ஓரம் போ, ஓரம் போ, லோடு வருது'ன்னு கத்திகினே போறேன்ல? அதான்யா இது. இன்னா மேடம், கரீட்டா?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "கரெக்ட். நான் கூட இனிமே எல்லாருக்கும் இப்படியே சொல்றேன்."

"ஆனா வெள்ளிக்கெயமை மட்டும் வர மாட்டேன். யாவாரம் கீது."

ஏழுமலை காஞ்சனாவின் முகத்தைப் பார்த்தபடியே கையெழுத்துப் போட்டார்.

அந்த நாள் வந்தது. வழக்கம்போல கீமோ மருந்து ஓட ஆரம்பித்தது. அலர்ஜிக்குப் போட்ட ஊசியில் காஞ்சனா பாதித் தூக்கத்தில் இருந்தார். டாக்டர் ஸ்கேன் கருவியைக் கட்டி மேல் வைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒத்திகையில் செய்த அதே இடத்தில், பாட்டிலிலிருந்து இறங்கும் குழாயில் இருக்கும் சின்னத் திறப்பில், நான் குமிழி மருந்தைச் செலுத்தினேன். தட்டவில்லை, குலுக்கவில்லை, அவசரப்படவில்லை. ஜான்சி எனக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரையில் ஒன்றுமில்லை. கட்டி கருப்பாகவே இருந்தது.

காத்திருந்தோம். கருப்பு. இன்னொரு குப்பியை எடுத்து, முன்பை விட மெதுவாகச் செலுத்தினேன். அதே கருப்பு. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏழுமலையின் முகம் தெரிந்தது. இனி ஒரே ஒரு குப்பிதான் கையில் இருந்தது.

"கட்டிக்குள்ள ரத்தமே போகலையா மேடம்?" என்றாள் ஜான்சி.

அப்படித்தான் எல்லாருக்கும் தோன்றியது. ரத்தம் போகாத கட்டி என்றால் கதை முடிந்தது, காஞ்சனாவை விலக்கிவிட வேண்டியதுதான். ஒருவேளை குமிழி வந்தும் ஒலி போதாமல் தெரியாமல் இருக்கலாம். அப்படியென்றால் ஒலியின் சக்தியை ஏற்றிப் பார்க்கலாம். டாக்டரின் விரல் சக்தியை ஏற்றும் பொத்தான் மேல் போனதை நான் பார்த்தேன். ஏற்றுங்கள், ஏற்றுங்கள் என்று என் மனமும் அடித்துக்கொண்டது. எதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது. சும்மா நிற்பதுதான் தாங்கவில்லை.

டாக்டர் விரலை எடுத்தார். கருவியை அதன் இடத்தில் மாட்டினார். மருந்து ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார். இரண்டு கையையும் கோட்டுப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் என் கையும் பாக்கெட்டுக்குள் போனது. ஜான்சியும் விட்டுக்கொண்டாள். மூன்று பேரும் வரிசையாக நின்றோம்.

காஞ்சனா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். "இன்னா மேடம், ஸ்ட்ரைக்கா?"

மழுப்பியிருக்கலாம். நானாக இருந்தால் "ஒண்ணுமில்லம்மா, தூங்குங்க" என்றிருப்பேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. "காஞ்சனா, குமிழி கட்டிக்குள்ள வரல. ஏன்னு தெரியல. உங்களுக்குக் கெடுதல் எதுவும் ஆகல. யோசிக்கிறோம்" என்றார்.

"யோசிங்க, யோசிங்க. நா எங்க போப்போறேன்?" என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பதிலில் அறையின் இறுக்கம் பாதி குறைந்தது.

"சிஸ்டர், கைலேருந்து மேல போங்க. கண்ணால பாத்து, வாய்விட்டுச் சொல்லுங்க. பழக்கத்துல சொல்லாதீங்க, பாக்குறத மட்டும் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

எனக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருந்தது. இருந்தாலும் ஆரம்பித்தேன். "கையில ஊசி. வீக்கம் இல்ல. அதுக்கு மேல சின்னக் குழாய். மடங்கல. அதுக்கு மேல ஃபில்டர். அதுக்கு மேல..."

என் வாய் அங்கேயே நின்றுவிட்டது. டாக்டர் என்னைப் பார்த்தார். "ஐயோ!" என்றது மூன்று பேர் வாயும் ஒன்றாகத்தான்.

அந்தக் கீமோ மருந்தை ஃபில்டர் இல்லாமல் ஏற்றக்கூடாது என்பது உங்களுக்கும் முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மருந்தில் இருக்கும் துகளையும் காற்றையும் பிடித்து நிறுத்துகிற சின்ன வடிகட்டி அது. அதன் துளை, நாங்கள் அனுப்பிய குமிழியை விடப் பல மடங்கு சிறியது. நாங்கள் ஃபில்டருக்கு மேலே செலுத்தியிருந்தோம். இரண்டு குப்பிக் குமிழியும் அந்த வடிகட்டியிலேயே முடிந்துபோயிருந்தன. காற்றைப் பிடி என்று அதற்குச் சொல்லியிருக்கிறோம், அது ஒழுங்காகப் பிடித்திருக்கிறது.

ஒத்திகையில் ஏன் தெரியவில்லை? ஒத்திகையில் ஓடியது வெறும் உப்புநீர். அதற்கு ஃபில்டர் தேவையில்லை. நிஜ மருந்து வந்த அன்று, ஃபில்டர் வழக்கம்போல அதன் இடத்துக்கு வந்துவிட்டது. அதை யாரும் மறக்கவில்லை. மறந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். சரியாக மாட்டியிருந்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இனி என்ன செய்வது? ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட முடியாது, கீமோ மருந்துக்கு அது வேண்டும். ஃபில்டருக்கும் கைக்கும் நடுவில், குமிழியைச் செலுத்தப் புதிதாக ஒரு திறப்பைப் பொருத்த வேண்டும். இன்னொரு கையில் ஊசி குத்தலாமே என்பீர்கள். கட்டி இருக்கும் பக்கத்துக் கையைத் தொடக்கூடாது. இந்தக் கையிலோ, பல மாதக் கீமோவில் நரம்பெல்லாம் கயிறாகிக் கிடந்தது. மிச்சமிருந்த நல்ல நரம்பில்தான் ஊசி இருந்தது. இணைப்பை மாற்றும்போது அது இம்மி நகர்ந்தாலும் போச்சு.

பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தேன். நம்பினால் நம்புங்கள், அந்தச் சில நிமிடங்கள் சும்மா இருந்ததில் கையின் பரபரப்பு அடங்கியிருந்தது. ஜான்சி ஊசியின் அடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் இணைப்பைக் கழற்றி, புதுத் திறப்பைப் பொருத்தி, மறுபடி மாட்டினேன். ஊசி அசையவில்லை. மருந்து மறுபடி ஓடியது.

கடைசிக் குப்பியை ஜான்சி உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினாள். தடித்த ஊசியில் இழுத்தாள். சிரிஞ்சைப் படுக்கையாகப் பிடித்து என்னிடம் தந்தாள். அவளுடைய நகம் ஒருமுறை துடித்ததை நான் கவனித்தேன், ஆனால் தட்டவில்லை. வாங்கி, மெதுவாக, மெதுவாகச் செலுத்தினேன்.

கையிலிருந்து இதயத்துக்குப் போய், நுரையீரலைச் சுற்றி, மறுபடி இதயத்துக்கு வந்து, அங்கிருந்து கட்டிக்கு வர வேண்டும். அதற்கு எத்தனை நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன பிரயோஜனம்? ஒரு யுகமாகத்தான் இருந்தது. மாதாவே, மாதாவே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் கட்டியின் ஓரத்தில் ஒரு வெளிச்சக் கீற்று. அப்புறம் அதிலிருந்து கிளைகள். அப்புறம் அந்தக் கருப்பு முழுக்கப் பொட்டுப் பொட்டாகப் பூத்து நிரம்பியது.

"வந்தாச்சு" என்றார் டாக்டர். அவ்வளவுதான் சொன்னார். ஜான்சி அழுதுவிட்டாள். நான் அழவில்லை என்றுதான் இதுவரை எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

"இன்னா, வழி கெடச்சுதா?" என்றார் காஞ்சனா, கண்ணைத் திறக்காமலேயே.

"கெடச்சிடுச்சு காஞ்சனா, சூப்பரா கெடச்சிடுச்சு."

"அந்தாள்கிட்ட சொல்லுங்க. கதவாண்ட நின்னுகினு உசிர வுடுது."

நான்தான் வெளியே போய்ச் சொன்னேன். ஏழுமலை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும் போலத்தான் இருந்தது.

எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது டாக்டர் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் மேடம், நல்லாத்தானே முடிஞ்சுது?" என்றேன்.

"சிஸ்டர், நான் அந்தப் பவரை ஏத்தியிருப்பேன். விரல் போயிடுச்சு. ஏத்தியிருந்தாலும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. இன்னும் ஏத்தியிருப்பேன். அப்புறம் நாம ஃபில்டரைக் கண்டுபிடிச்சு, சந்தோஷத்துல புதுக் குமிழிய அனுப்பியிருப்போம். அந்தச் சந்தோஷத்துல பவரை இறக்கணும்னு யாருக்கு ஞாபகம் வந்திருக்கும்?"

நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். அத்தனை சக்தியில் குமிழிகள் குழாய்ச் சுவரை இடித்து வழி பண்ணியிருக்காது, கிழித்துப் போட்டிருக்கும். நாங்கள் காப்பாற்ற நினைத்தவரை நாங்களே ரத்தக் கசிவில் தள்ளியிருப்போம். ஃபில்டரைக் கண்டுபிடித்ததுதான் பெரிய காரியம் என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் அந்த விரல் திரும்பி வந்ததே, அதுதான் பெரிய காரியம்.

அதனால்தான் சொல்கிறேன் பிள்ளைகளே. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால் உங்கள் கை பரபரக்கும். இன்னும் கொஞ்சம் ஏற்று, இன்னும் கொஞ்சம் தள்ளு என்று சொல்லும். அந்த நேரத்தில் கையைப் பாக்கெட்டில் விடுங்கள். அசிங்கமாக இருக்கும், யாராவது முறைப்பார்கள், நோயாளியே கிண்டல் பண்ணுவார். பரவாயில்லை. பிறகு நோயாளியின் உடம்பிலிருந்து ஆரம்பித்து மேலே போங்கள், பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். தப்பாக இருப்பதை மட்டும் தேடாதீர்கள். எல்லாம் சரியாக இருக்கிறதே என்று நினைக்கும் இடத்திலும் நின்று பாருங்கள்.

காஞ்சனா அதன் பிறகு தவறாமல் வந்தார், வெள்ளிக்கிழமை தவிர. கட்டி சுருங்க ஆரம்பித்தது. குமிழியால்தானா, மருந்து தானாகவே வேலை செய்ததா என்று கேட்டேன். "ஒருத்தரை வெச்சு எதையும் சொல்ல முடியாது சிஸ்டர், நிறையப் பேருக்குச் செஞ்சு பாத்தாதான் தெரியும்" என்றார் டாக்டர். அவர் சொல்வதுதான் நியாயம். சர்ஜன் தேதி கொடுத்தார், கட்டியை எடுத்தார். அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அப்புறம் காஞ்சனா என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. போன் போட்டுக் கேட்கலாம்தான். நம் வார்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், சில போன்களைப் போடத் தைரியம் வராது.

போன மாதம் துளசிச் செடி வாங்கப் பல்லாவரம் சந்தைக்குப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமைக் கூட்டம், கால் வைக்க இடமில்லை. செடிக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு கை என் முதுகில் வைத்துத் தள்ளியது.

"ஓரம் போம்மா, ஓரம் போ! லோடு வருதுல்ல? நடுவுல நின்னுகினு!"

திரும்பிப் பார்த்தேன். தலை நிறைய முடி வளர்ந்திருந்தது. காஞ்சனாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, யூனிஃபார்ம் இல்லாமல் யாருக்குத் தெரியும்? பின்னால் ஏழுமலை வண்டியை மிதித்து வந்துகொண்டிருந்தார், அதில் மிக்சியும் ஃபேனும் குவிந்து கிடந்தன.

கூப்பிட வாய் வந்தது. கூப்பிடவில்லை. கையில் இருந்த செடியோடு ஓரமாக ஒதுங்கி, அவர்களுக்கு வழி விட்டேன்.